நிலமும் நிலக்காட்சியும்: தில்லியின் பிரேசர் உடன்பிறந்தாரும் திணைக் கோட்பாடும்

தமிழ் அகப்பொருள் மரபை ஆங்கிலத்தில் விளக்க முற்படுவோர் திணை என்னும் சொல்லுக்கு ‘லேண்ட்ஸ்கேப்’ என்னும் சொல்லைப் பெய்து எழுதுவது அரை நூற்றாண்டுக்கும் மேலாக வழக்கில் உள்ளது. தனிநாயக அடிகள் தம் ஆய்வை முதலில் ‘நேச்சர் இன் ஏன்சியன்ட் தமிழ் பொயட்ரி’ என்னும் பெயரில் வெளியிட்டார். அந்நூலே 1966இல் ‘லேண்ட்ஸ்கேப் அண்ட் பொயட்ரி’ எனப் பெயர் மாறி வந்தது. அடுத்த ஆண்டில் வெளிவந்த ஏ.கே. இராமானுசனின் குறுந்தொகை மொழிபெயர்ப்பு ‘தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்’ என்னும் தலைப்பைப் பெற்றது. இவ்விரு நூல்களும் சங்க இலக்கியத்தை உலகறியச் செய்தவை என்பதில் ஐயமில்லை. ஆயின் அவற்றின் வழியே ஆங்கிலத்திற்குச் சென்ற திணை, ‘நிலக்காட்சி’ என்னும் உருவில் நம் ஆய்வேடுகளுக்கே திரும்பி வந்துள்ளமை எண்ணிப் பார்க்கத்தக்கது. ‘குறிஞ்சி நிலக்காட்சி’, ‘அகநானூற்றில் நிலக்காட்சிப் படிமங்கள்’ போன்ற தொடர்களை இன்று எவரும் ஐயுறுவதில்லை.

‘லேண்ட்ஸ்கேப்’ என்பது ஓவியரின் தொழிற்சொல். டச்சு மொழியிலிருந்து 1600ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலத்தில் புகுந்தபோது அது ஒருவகைப் படத்தையே குறித்தது. கண்ணெதிரே விரியும் நிலத்தைக் குறிக்கும் பொருள் பின்னர் ஏற்பட்டது. படத்தைப் பார்த்துப் பழகிய கண், நிலத்தையும் படமாகப் பார்க்கத் தொடங்கியது எனலாம். படம் என்றால் அதனை வரைந்தவர் ஒருவர், வரையச் செய்தவர் ஒருவர், வாங்கிச் சுவரில் மாட்டியவர் ஒருவர் உண்டு. எனவே நிலக்காட்சி என்னும் சொல்லின் பொருளை அறிய அகராதியைக் காட்டிலும் அவ்வோவியத்தைப் புரந்தவர் வரலாறே துணை செய்யும். அவ்வகையில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தில்லியோடு தொடர்புடையவராய் இருந்த ஜேம்ஸ் பெய்லி பிரேசர், வில்லியம் பிரேசர் என்னும் உடன்பிறந்தார் இருவரின் ஓவிய முயற்சியை இக்கட்டுரை ஆராய்கிறது. அதன்வழித் திணையை நிலக்காட்சி எனல் பொருந்துமா என்பதை மதிப்பிட முயல்கிறது.

புரவலரும் பழுப்பு மரமும்

ஓவியம் சேர்ப்பவர், தாமே பொழுதுபோக்காக வரைபவர், பிற ஓவியரைப் புரப்பவர் ஆகிய மூவரும் ஒருவராய் அமைந்த புரவலர் வகை இங்கிலாந்தில் அக்காலத்தில் உருவானது. அதற்குச் சிறந்த சான்று சர் ஜார்ஜ் போமான்ட் (1753–1827). தம் ஓவியங்களை ராயல் அகாதெமியில் பல ஆண்டுகள் காட்சிக்கு வைத்தவர், வேர்ட்ஸ்வொர்த்தின் நண்பர், கான்ஸ்டபிளைத் தம் கோலார்ட்டன் மாளிகையில் தங்கவைத்துக் குளோட் லொரேனின் ஓவியங்களைப் படியெடுக்க உதவியவர். தம் தொகுப்பை நாட்டுக்கு வழங்க 1823இல் அவர் முன்வந்தது, மறு ஆண்டில் இலண்டன் நேஷனல் கேலரி தோன்றத் துணையாயிற்று. வழங்கிய படங்களுள் குளோட்டின் ஆகாரும் தேவதூதரும் உள்ள சிறு நிலக்காட்சியைப் பிரிந்திருக்க இயலாமல், தம் வாழ்நாள் வரை வைத்துக்கொள்வதாகக் கேட்டுத் திரும்பப் பெற்றார் என்பர். இத்தகைய காதல் எள்ளலுக்குரியதன்று.

அவர் கண் எவ்வாறு பழகியிருந்தது என்பதற்குக் கான்ஸ்டபிளின் வரலாற்றை எழுதிய லெஸ்லி கூறும் செய்தி ஒன்று போதும். பழைய வயலினின் பழுப்பு நிறமே நிலக்காட்சிக்கு ஏற்ற நிறம் என்று போமான்ட் வாதிட, கான்ஸ்டபிள் வயலின் ஒன்றை எடுத்து மாளிகைமுன் இருந்த பசும்புல்லின்மேல் வைத்துக் காட்டினாராம். புல் பச்சை என்பதைச் சொல்ல ஒரு வயலின் தேவைப்பட்டிருக்கிறது! சேகரித்த படங்களின் மெருகு முதிர்ந்து பழுத்த நிறம், வாயிலில் நின்ற மரத்தின் நிறத்தை மறைத்துவிட்டது. கோலார்ட்டன் நிலக்கரிச் சுரங்கப் பகுதி என்பதும், போமான்ட் குடும்பத்தின் செல்வத்தில் கரிக்குப் பெரும் பங்கு உண்டு என்பதும் உடன் நோக்கத்தக்கன. அவர் போற்றிய நிலக்காட்சி, கரி வெட்டுவோர்க்கு இடமளிக்கும் நிலக்காட்சியன்று.

தில்லியில் இரு உடன்பிறந்தார்

பிரேசர் குடும்பத்தின் ஊர் ஸ்காட்லாந்தில் இன்வர்னஸ் அருகிலுள்ள ரீலிக். தென்னமெரிக்காவின் பெர்பீஸில் அடிமை உழைப்பால் இயங்கிய தோட்டங்களில் இட்ட முதல் கடனாய் முடிய, அக்கடனைத் தீர்க்கும் பொருட்டு அக்குடும்பத்தின் ஆண்மக்கள் கடல் கடந்தனர். தமிழ்ப் புலவர் இதனைப் பொருள்வயிற் பிரிவு என்றே கொள்வர். வில்லியம் (1784–1835) கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலராகத் தில்லிக்கு வந்தார். தில்லியைச் சூழ்ந்த பகுதிகளில் நிலவரித் திட்டம் செய்வது அவர் பணிகளுள் தலையாயது. மூத்தவரான ஜேம்ஸ் (1783–1856) பெர்பீஸில் இருந்து மீண்ட பின்னர், வணிகராகக் கல்கத்தாவுக்கு வந்தார். வணிகம் அவருக்குக் கைகொடுக்கவில்லை. வரைதலே உள்ளத்தைக் கவர்ந்தது. ஜார்ஜ் சின்னரி, வில்லியம் ஹாவெல் ஆகிய தொழில்முறை ஓவியரிடம் கல்கத்தாவில் பயிற்சியும் அறிவுரையும் பெற்றார். எனினும் இறுதிவரை அவர் தொழில்முறை சாரா ஓவியரே.

1815இல் கூர்க்கர் போரின்போது வில்லியம் கம்பெனிப் படையோடு அரசியல் முகவராக மலைநாட்டில் இருந்தார். ஜேம்ஸ் அவரிடம் சென்று சேர்ந்து, யமுனை, கங்கை ஆகியவற்றின் தோற்றுவாய் வரை பயணம் செய்து ஓயாமல் வரைந்தார். அவ்வரைவுகளிலிருந்து தேர்ந்த 20 காட்சிகள் ராபர்ட் ஹாவெலின் கைவண்ணத்தில் அக்குவாடின்ட் என்னும் செப்புத்தகட்டு அச்சில் 1820இல் இலண்டனில் வெளிவந்தன. பனிமுடி, பள்ளத்தாக்கு, மலைச்சரிவில் கோயில், கயிற்றுப் பாலம் என விரியும் அப்படங்கள் இமயத்தை ஐரோப்பியர்க்கு அறிமுகம் செய்தவற்றுள் குறிப்பிடத்தக்கவை. அவற்றின் அழகை மறுப்பதற்கில்லை. மலையின் பேருருவை உணர்த்துவதற்காக அடியில் சில சிற்றுருவங்கள் நிற்கும்; சுமை தூக்குவோர், வீரர், வழிநடப்போர். அவர்கள் யாவர் என்று பார்ப்போர் கேட்பதில்லை. அளவுகோலின் கோடுகள் போல நிற்பது அவர்தம் பணி.

இங்குத்தான் தில்லி ஓவியர் வருகின்றனர். மலையை வரையப் பழகிய ஜேம்ஸின் கை, மனிதரை வரைவதில் அத்துணைத் தேர்ச்சி பெறவில்லை. தம் நிலக்காட்சிகளில் இடுவதற்கேற்ற மனித உருவங்கள் அவருக்குத் தேவைப்பட்டன. அதன்பொருட்டே இந்திய ஓவியரைக் கொண்டு கூர்க்க வீரர் முதலியோரை வரையச் செய்யும் வழக்கம் தொடங்கியது. நிலம் புரவலர் கையால், மாந்தர் கூலி பெறும் ஓவியர் கையால் என்னும் இப்பாகுபாடு வசதி கருதி ஏற்பட்டதே. ஆயினும் நிலக்காட்சி என்னும் கலைவகையின் உள்ளமைப்பை இதனைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று கிடைத்தல் அரிது. முதலில் நிலத்திலிருந்து மாந்தர் நீக்கப்படுகின்றனர். பின்னர் அழகுக்கு வேண்டுமளவு திரும்ப வைக்கப்படுகின்றனர்.

ஆனால் வரலாறு புரவலர் எண்ணியவாறே செல்லவில்லை. துணையுருவங்களாகத் தொடங்கிய அவ்வோவியங்கள் தமக்கென ஒரு மதிப்பைப் பெற்றன. 1815 முதல் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் 90க்கும் மேற்பட்ட நீர்வண்ண ஓவியங்கள் உருவாயின. குடும்பத் தாள்களுக்கிடையே மறைந்துகிடந்த அவை 1979இல் வெளிப்பட்டு, மறு ஆண்டில் விற்பனையாகிப் பல தொகுப்புகளுக்குச் சிதறின. மில்ட்ரெட் ஆர்ச்சரும் டோபி ஃபால்க்கும் 1989இல் வெளியிட்ட நூலால் உலகின் கவனத்தைப் பெற்றன. இன்று கம்பெனி ஓவியம் எனப்படும் வகையின் உச்சமாக இவற்றையே ஆய்வாளர் கருதுகின்றனர். ஜேம்ஸின் இமயக் காட்சிகளைவிட அவர் துணைக்கு வேண்டிய மனித உருவங்களே இன்று பேசப்படுகின்றன.

அவ்வோவியங்களில் ஊரார் நிற்கின்றனர். படையில் சேர வந்த இளைஞர், குதிரை வணிகர், ஆடல் மகளிர், உழவர். ஒவ்வொரு முகமும் வேறு; நிற்கும் நிலை வேறு; துணியின் மடிப்பு வேறு. பலவற்றில் வரையப்பட்டோர் பெயரும் எழுதப்பட்டுள்ளது. ஆனால் வரைந்தவர் பெயர் பெரும்பாலும் இல்லை. குலாம் அலி கான் குடும்பத்தாரின் கைத்திறன் என ஆய்வாளர் நடையொப்புமை கொண்டு கூறுவர். நிலக்காட்சிக்கு உறுப்பாக அழைக்கப்பட்ட உழவன் பெயர் பெற்றான். அவனுக்கு உயிர் கொடுத்த ஓவியன் பெயரிழந்தான். புரவலர் ஆதரவின் இயல்பு இது. தமிழ்நிலத்தில் பாடினோர் பெயர் ஏட்டில் நின்றமைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு தனியே ஆராயத்தக்கது.

இவற்றின் பின்புலம் கருதத்தக்கது. பெரும்பாலான படங்களில் மாந்தர் வெற்றுத்தாளின்மேல் நிற்கின்றனர். காலடியில் சிறு நிழலும் சிறிதளவு மண் நிறமும் மட்டுமே உண்டு. ஆக, ஒருபுறம் மாந்தர் பெரிதும் நீங்கிய நிலம். மறுபுறம் நிலம் நீங்கிய மாந்தர். ஒரே குடும்பத்தின் ஆதரவில், ஒரே காலத்தில், இரண்டும் இரு தாள்களில் நிற்கின்றன. வில்லியம் மேற்கொண்ட வரித்திட்டத்தை இதனோடு வைத்து நோக்கினால் பொருள் மேலும் துலங்கும். வரித்திட்டம் நிலத்தை ஒரு பத்தியிலும் உடையவனை மறு பத்தியிலும் எழுதும். இரண்டையும் இணைப்பது செலுத்தவேண்டிய தொகை.

இக்கூற்றை முற்ற முடிந்ததாகக் கொள்ளுதல் கூடாது. ஜேம்ஸ் 1824 முதல் 1826 வரை வெளியிட்ட கல்கத்தாக் காட்சிகளில் தெருவும் கடைவீதியும் மக்கள் நெருக்கத்தோடு காணப்படுகின்றன. பிரேசர் தொகுப்பிலேயே அரியானாவின் ரானியா என்னும் ஊரை வீடும் மாந்தரும் கால்நடையுமாகக் காட்டும் படங்கள் உண்டு. வில்லியமின் நண்பரான ஜேம்ஸ் ஸ்கின்னருக்காகக் குலாம் அலி கான் 1828இல் வரைந்த ஹான்சிப் பண்ணை ஓவியத்தில் வயலும் உழைப்போரும் ஒருங்கே நிற்கின்றனர். தில்லி ஓவியர் நிலத்தையும் மாந்தரையும் இணைக்க அறியாதவர் அல்லர். 1817இலேயே செங்கோட்டையின் திவானி காஸை அளவு பிசகாமல் வரைந்தவர் குலாம் அலி கான். இணைத்து வரையவும் பிரித்து வரையவும் அவர்க்குத் திறன் இருந்தது. எது வேண்டும் என்பதைப் புரவலரின் தேவை முடிவு செய்தது.

திணை காட்சியாகுமா?

இனித் தொல்காப்பியத்தை நோக்குவோம். முதல், கரு, உரி என்னும் மூன்றும் பாடலுள் பயிலுங்கால் ஒன்றனின் ஒன்று சிறப்புடையது என அகத்திணையியல் வரிசைப்படுத்துகிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள் எனப் பெயர் பெற்றாலும் சிறப்பில் அவை இறுதியில் நிற்கின்றன. முதற்பொருளும் கருப்பொருளும் வாராத பாட்டு உரிப்பொருள் ஒன்றாலேயே திணை பெறும் என்பது உரையாசிரியர் காட்டும் நெறி. அதாவது நிலமே இல்லாத பாட்டுக்கும் திணை உண்டு. மலை ஒன்றும் தோன்றாமலே ஒரு பாட்டுக் குறிஞ்சியாகலாம். நிலமில்லா நிலக்காட்சி ஓவியத்தில் இயலாதது. இவ்வொரு வேறுபாடே இரு சொற்களையும் ஒன்றெனக் கொள்வதைத் தடுக்கப் போதுமானது.

கருப்பொருளில் மாந்தர் இடம்பெறும் முறையும் கருதத்தக்கது. தொல்காப்பியர் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் என்று தொடங்கிய பட்டியலை நாற்கவிராச நம்பி 14ஆக விரித்தபோது, உயர்ந்தோரையும் அல்லோரையும் அதனுள் வைத்தார். ஊரும் நீரும் பூவும் அவர்களோடு நிற்கின்றன. இங்கு மாந்தர் நிலத்தின்மேல் வைக்கப்படும் உருவங்கள் அல்லர். நிலம் ஈன்ற பொருள்களுள் ஒருவர். குறவனை நீக்கிவிட்டுக் குறிஞ்சியை வரைந்து, பின்னர் அவனை ஓரத்தில் நிறுத்துதல் இக்கோட்பாட்டில் இயலாது. பிரேசர் பிரித்த இரு தாள்களும் இங்குத் தொடக்கத்திலேயே ஒரு தாள்.

பார்வை யாருடையது என்னும் வினாவும் உண்டு. ஆற்றுப்படை நூல்கள் புரவலரின் நாட்டை விரிவாகக் காட்டுகின்றன. ஆனால் நாட்டைக் காண்பவன் புரவலன் அல்லன். பரிசில் நாடிச் செல்லும் பசித்த பாணனும் கூத்தனும். பெரும்பாணாற்றுப்படையில் எயினர், ஆயர், உழவர், வலைஞர் இருப்பிடங்கள் ஒவ்வொன்றும் அங்குக் கிடைக்கும் உணவால் அறியப்படுகின்றன. மலைபடுகடாத்தில் மலை கண்ணுக்குத் தெரிவதற்கு ஈடாகக் காதில் ஒலிக்கிறது. வழுக்கும் இடம், பாம்புள்ள இடம், கவண்கல் வந்து விழும் இடம் என்று எச்சரிக்கையாகவும் விரிகிறது. நடப்பவனுக்கு நிலம் உணவும் ஒலியும் இடரும் ஆகும். மேட்டில் நின்று நோக்குபவனுக்கே அது காட்சியாகும்.

சங்க இலக்கியத்தில் தொலைவில் நின்று நிலத்தை நோக்கும் பார்வை இல்லையோ எனின், உண்டு. பாரி இறந்தபின் அவன் மகளிரை அழைத்துச் செல்லும் கபிலர், பறம்பு மலையைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். இங்கு நின்றாலும் தெரிகிறது, சற்று அப்பால் சென்றாலும் தெரிகிறது என்னும் பொருள்பட அமைந்த புறநானூற்றுப் பாடல் (114), நிலக்காட்சி ஓவியரின் நிற்குமிடத்தை ஒத்த ஓரிடத்தில் நிற்கிறது. ஆனால் அது புரவலனை இழந்த புலவனின் பார்வை. பாரி உள்ளவரை பறம்பு, சுனையும் தேனும் பலாவுமாகப் பாடப்பட்டது. அவன் மறைந்த பின்னரே தொலைவில் தெரியும் ஒரு வடிவமாயிற்று. தமிழில் நிலம் காட்சியாவது இழப்பின் வழியே என்று இதனால் கொள்ள இடமுண்டு. ஜேம்ஸ் பிரேசர் இமயத்தை நோக்கிய காலத்தில் அவர் தம்பி சார்ந்த கம்பெனி அந்நிலத்தைக் கைக்கொண்டிருந்தது. இழந்தவர் நோக்கும் காட்சி வேறு, கொண்டவர் நோக்கும் காட்சி வேறு. ‘லேண்ட்ஸ்கேப்’ என்னும் ஒரே சொல் இவ்விரண்டையும் மூடிவிடுகிறது.

இது சொல்லாராய்ச்சி மட்டுமன்று, வகுப்பறைக்கும் உரியது. தில்லியில் சப்தர்ஜங் கல்லறைக்குத் தெற்கே அரசு ஊழியர் குடியிருப்பாக அமைந்தது லக்ஷ்மிபாய் நகர். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று அங்கு உள்ளது. அத்தகைய இடத்தில் பிறந்து வளரும் தமிழ்க் குழந்தைக்கு ஐந்திணையை எவ்வாறு உணர்த்துவது? திணை நிலக்காட்சி எனின் மலையும் அருவியும் வரைந்த ஐந்து படங்களைக் காட்டலாம். மருதமும் நெய்தலும் அக்குழந்தைக்கு அயல்நாட்டுப் படங்களாகவே எஞ்சும். திணை என்பது நிலம், தொழில், ஒழுக்கம் ஆகியவற்றின் இயைபு எனின், அக்குடியிருப்பையே வினவலாம். பணியிட மாற்ற ஆணை வந்த வீட்டில் ஒருவர் முன்னே செல்ல, மற்றவர் பள்ளியாண்டு முடியும்வரை காத்திருக்கின்றனர். தொல்காப்பியர் தனி நிலம் வகுக்காத பாலை அங்கு உண்டு. நிர்மல் செல்வமணி திணையைச் சூழலியல் நோக்கில் மனை என்னும் கருத்தோடு இணைத்துப் பேசியமை இவ்வகையில் ‘லேண்ட்ஸ்கேப்’ என்பதைவிட நெருக்கமானது. எனினும் மனையை விட்டுப் பிரிவதும் திணையே என்பதற்கு அதில் மேலும் இடம் தரவேண்டும் என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

தஞ்சைக்கு வந்த காட்சிகள்

பிரேசரின் நிலக்காட்சிகள் தமிழ்நாட்டுக்கும் வந்துள்ளன. தஞ்சைச் சரசுவதி மகால் நூலகச் சேகரிப்பில் டேனியல், பிரேசர் ஆகியோரின் இந்திய நிலக்காட்சி அச்சுப்படங்கள் இடம்பெற்றுள்ளன. அந்நூலகத்தைப் பெருக்கிய இரண்டாம் சரபோசி (ஆட்சி 1798–1832) போமான்டுக்கும் பிரேசருக்கும் சமகாலத்தவர். ஆயிரக்கணக்கான ஐரோப்பிய நூல்களையும் படங்களையும் சேர்த்தவர். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் ஆட்சி கம்பெனியின் கைக்குச் சென்றது. மன்னருக்குக் கோட்டையும், ஆண்டுக்கு ஒரு இலட்சம் வராகனும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் எஞ்சின. உலகின் நிலப்படங்களும் நிலக்காட்சிகளும் சேர்ந்தது நாடு நீங்கிய அந்த அரண்மனையில்தான்.

சேகரித்ததோடு அவர் நிற்கவில்லை. உலகின் கண்டங்களையும் நாடுகளையும் குறத்தி வாயால் சொல்லவைக்கும் தேவேந்திர குறவஞ்சி என்னும் மராத்தி நாடகம் அவர் பெயரால் வழங்குகிறது. தமிழ்க் குறவஞ்சியில் குறத்தி தன் மலையின் வளத்தைப் பாடுவாள்; அம்மலையில் அவள் கூட்டம் உண்டு, உணவு உண்டு, தெய்வம் உண்டு. சரபோசியின் குறத்தியோ தான் மிதித்திராத நாடுகளை வரிசைப்படுத்துகிறாள். மலைவளம் புவியியலாக மாறும் இவ்விடம், திணை நிலக்காட்சியாக மாறும் இடத்திற்கு மிக அருகில் உள்ளது. அதே குறத்தி மரபைக் கொண்டு, கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் அம்மன்னரையே பாட்டுடைத் தலைவராக்கிச் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பாடியுள்ளார். இவ்விரு குறவஞ்சிகளையும் மலைவளப் பகுதி நோக்கில் ஒப்பிடுதல் பயனுடையது.

1820இல் தொடங்கிய காசி யாத்திரையில் ஏறத்தாழ 3000 பேர் சரபோசியுடன் சென்றனர். காசிப் படித்துறைகளைக் காட்டும் ஓவியங்கள் அந்நூலகத்தில் உள்ளன. பிரேசரின் இமயக் காட்சிகள் இலண்டனில் அச்சேறிய ஆண்டும் அதுவே. கங்கையின் தோற்றுவாயை நோக்கிச் சென்ற ஒருவர் கண்ட காட்சியும், அதே ஆற்றில் நீராடச் சென்ற ஒருவருக்காக வரையப்பட்ட காட்சியும் இன்று ஒரு கூரையின்கீழ் உள்ளன. முன்னதில் ஆறு மலைக்கு அணியாக ஓடுகிறது. பின்னதில் ஆற்றுக்கு இறங்கும் படிகளே முதன்மை பெறுகின்றன. அவை துறை துறையாக வரிசைப்பட்டு நிற்கின்றன. கலை வரலாற்றாளர் மட்டுமன்றி, துறை என்னும் சொல்லின் பொருளறிந்த தமிழாய்வாளரும் இவ்விருவகைப் படங்களையும் அருகருகே வைத்துக் காணல் வேண்டும்.